கிடங்கு வாடகை விவசாய வருமானம் ஆகுமா?

பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பகுதிச் சாலைகளில் தென்னந்தோப்புகளின் முகப்பிலே தகரக் கூரை போட்ட கிடங்குகள் நிற்பதைப் பார்க்கலாம். தோப்பும் கிடங்கும் ஒரே விவசாயிக்குச் சொந்தமாக இருக்கும். தேங்காய் விலை ஏறும், இறங்கும். வெள்ளை ஈ விழுந்தால் காய்ப்பே குறையும். கிடங்கு வாடகையோ மாதம் பிறந்தால் பாங்குக் கணக்குக்கு வந்துவிடும். பெண்ணின் கல்யாணம், பையனின் படிப்பு என்று கணக்குப் போடுகிற குடும்பத்துக்கு இது பெரிய ஆறுதல். ஆகவே சாலையோரம் கொஞ்சம் நிலம் உள்ள சிறு விவசாயிகளும் கடனை உடனை வாங்கி நாலு கடையோ ஒரு கிடங்கோ கட்டி வாடகைக்கு விடுகிறார்கள்.

கட்டுவதற்கு முன் கொத்தனாரைக் கலந்து பேசுகிறார்கள். மனையடி சாஸ்திரம் பார்க்கிறார்கள். வருமான வரியைப் பற்றி மட்டும் யாரையும் கேட்பதில்லை. "விவசாயிக்கு ஏது வரி?" என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்த எண்ணத்தால் கட்ட வேண்டாத வரியைக் கட்டிவிட்டு, அது திரும்பக் கிடைக்கும் என்பதே தெரியாமல் இருப்பவர்களும் உண்டு.

ஓர் உதாரணம் பார்க்கலாம். நாலு ஏக்கர் தென்னை வைத்திருக்கும் விவசாயி ஒருவர், தம் கிடங்கைக் கோழித் தீவனக் கம்பெனிக்கு மாதம் 60,000 ரூபாய் வாடகைக்கு விட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 50,000 ரூபாய்க்கு மேல் வாடகை கொடுக்கும் கம்பெனி, அதில் நூற்றுக்குப் பத்து பிடித்து அரசுக்குக் கட்டிவிட வேண்டும் என்பது 2025 ஏப்ரல் முதல் உள்ள விதி. இதைத்தான் டி.டி.எஸ். என்கிறார்கள். எனவே அவர் கைக்கு வருவது 54,000 ரூபாய்தான். ஆண்டுக்கு 72,000 ரூபாய் அவருடைய பான் எண்ணில் அரசிடம் போய்ச் சேர்கிறது. "கவர்மெண்டு பிடிச்சுக்கிச்சு" என்று அவர் விட்டுவிட்டால் அந்தப் பணம் அங்கேயே கிடக்கும். ஒழுங்காகக் கணக்குக் கொடுத்திருந்தால் 72,000 ரூபாயும் அவருக்குத் திரும்பி வந்திருக்கும். எப்படி என்பதைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் தலைப்பில் உள்ள கேள்விக்குப் பதில் தேவை.

சரக்கு யாருடையது?

"ஏனுங்க, கிடங்கு என்ற தோட்டத்துக்குள்ளதானுங்க இருக்குது. பட்டாவும் என்ற பேர்லதான். அப்புறம் எப்படீங்க இது விவசாய வருமானம் இல்லாமப் போகும்?" என்று ஆடிட்டரிடம் கேட்காத விவசாயி கொங்கு நாட்டில் அபூர்வம். விவரம் தெரிந்த ஆடிட்டர் பதிலுக்கு ஒரு கேள்விதான் கேட்பார்: "கிடங்கு உங்களுதுதானுங்க. உள்ளே இருக்கிற சரக்கு யாருதுங்க?"

சட்டத்தின் சாரம் அந்தக் கேள்வியிலே இருக்கிறது. சாகுபடி நிலத்திலோ அதை ஒட்டியோ இருக்கும் கட்டடத்தில் விவசாயி தாமே குடியிருந்தாலும், தம் தேங்காயையும் உர மூட்டையையும் தம் மருந்துத் தெளிப்பானையும் அடுக்கி வைத்தாலும் அது விவசாயத்தைச் சேர்ந்த கட்டடம். தோட்டத்துச் சாளை, மோட்டார் அறை, களத்து மேட்டுக் கொட்டகை எல்லாம் இந்தக் கணக்கில் வரும். அதே கட்டடத்தை வேறு ஒருவருடைய குடியிருப்புக்கோ வியாபாரத்துக்கோ வாடகைக்கு விட்டால், அந்த வாடகை விவசாய வருமானம் அல்ல. 2000-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தில் ஒரு விளக்கத்தைச் சேர்த்து இதைச் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது.

நிலத்துக்கும் இதே நியாயம்தான். நிலத்தைச் சாகுபடிக்குக் குத்தகைக்கு விட்டு வரும் பணமோ, வாரத்துக்கு விட்டு வரும் நெல்லோ விவசாய வருமானம். அதற்கு வருமான வரி கிடையாது. அதே நிலத்தின் மூலையில் செல்போன் கோபுரம் நிறுத்த இடம் கொடுத்தால் வரும் வாடகைக்கு வரி உண்டு. காற்றாலைக்கும் சூரிய மின்தகடுகளுக்கும் விட்ட நிலத்தின் குத்தகையும் அப்படியே. பத்திரத்தில் 'குத்தகை' என்ற சொல் இருப்பதால் மட்டும் அது விவசாய வருமானம் ஆகிவிடாது.

கோழிப் பண்ணைக்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோழி வளர்ப்பு வருமான வரிச் சட்டப்படி விவசாயம் அல்ல, வியாபாரம். கோழிக் கொட்டகையை இன்னொருவருக்கு விட்டு வாங்கும் வாடகையையும் விவசாயக் கணக்கில் எழுதக் கூடாது. பால் மாடும் அப்படித்தான். பல்லடம், நாமக்கல் பக்கங்களில் இதைச் சொன்னால் நம்ப மறுக்கிறவர்கள் இன்னும் உண்டு.

வாடகையைத் தேங்காய்ப் பணத்தோடு கலந்து 'விவசாய வருமானம்' என்று ஒரே வரியில் எழுதிவிடும் வழக்கம் ஆபத்தானது. கம்பெனி வரி பிடிக்கும்போதே அது வாடகை என்று குறித்துத்தான் கட்டுகிறது. இலாகாவின் பதிவில் 'வாடகை' என்று இருப்பது விவசாயியின் கணக்கில் 'தேங்காய்' என்று வந்தால் நோட்டீஸ் வரத்தான் செய்யும். வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் அதனால் குறைந்த வரியில் பாதி அபராதம்; தெரிந்தே மாற்றிக் காட்டினால் அபராதம் வரியைப் போல் இரண்டு மடங்கு.

கழிவுகளே கைகொடுக்கும்

உண்மையைச் சொன்னால் வரி அதிகமாகுமே என்ற பயம் பெரும்பாலும் வீண். கட்டட வாடகைக்குச் சட்டம் தாராளமாகவே கழிவு கொடுக்கிறது.

முதலில், உள்ளாட்சிக்குக் கட்டிய வீட்டு வரியைக் கழிக்கலாம். ஊராட்சியோ பேரூராட்சியோ நகராட்சியோ, எதுவானாலும் சரி. ஆனால் சொந்தக்காரரே கட்டியிருக்க வேண்டும். வாடகைக்காரர் கட்டினால் கழிவு இல்லை. அந்த நிதியாண்டுக்குள், அதாவது மார்ச் 31-ஆம் தேதிக்குள் கட்டியிருக்கவும் வேண்டும். மூன்று வருஷப் பாக்கியைச் சேர்த்துக் கட்டினால், கட்டிய வருஷத்தில் மூன்றையும் கழித்துக்கொள்ளலாம். பாக்கி மட்டும் நின்றால் ஒன்றும் கழியாது.

மீதியில் நூற்றுக்கு முப்பது அப்படியே கழியும். இதற்கு ரசீது எதுவும் வேண்டியதில்லை. வெள்ளையடித்தாலும் அடிக்காவிட்டாலும் முப்பதுதான். கூரைத் தகரம் காற்றில் பறந்து ஒரு லட்சம் செலவானாலும் அதே முப்பதுதான். கூடுதலாகக் கேட்க முடியாது. காவல்காரர் சம்பளம், தரகு எல்லாம் இதற்குள் அடக்கம்.

அடுத்து, அந்தக் கட்டடத்தை வாங்கவோ கட்டவோ பழுது பார்க்கவோ வாங்கிய கடனின் வட்டி. வாடகைக்கு விட்ட கட்டடமானால் வட்டிக் கழிவுக்கு உச்சவரம்பு இல்லை. அசலைத் திருப்பிக் கட்டுவது இதில் சேராது. மாதத் தவணை முழுவதையும் கழித்துவிடலாம் என்று நினைப்பது தவறு. தவணையில் வட்டி எவ்வளவு, அசல் எவ்வளவு என்று பாங்கில் ஆண்டுக்கொரு முறை சான்று வாங்கி வைக்க வேண்டும். கட்டடம் முடிவதற்கு முந்திய வருஷங்களில் கட்டிய வட்டியும் வீணாகாது. அதை ஐந்தாகப் பிரித்து, கட்டடம் முடிந்த வருஷம் முதல் ஐந்து வருஷங்களில் கழிக்கலாம். வேலை இரண்டு வருஷம் இழுத்துப்போனவர்கள் பலர் இதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கோபுரம், காற்றாலை, சூரிய மின்தகடு ஆகியவற்றுக்கு விட்ட வெற்று நிலத்துக்கு இந்த முப்பது கழிவு கிடையாது. கட்டடத்துக்கும் அதைச் சேர்ந்த இடத்துக்கும்தான் இது பொருந்தும்.

தீவனக் கிடங்கின் கணக்குக்கு வருவோம். ஆண்டு வாடகை 7,20,000 ரூபாய். வீட்டு வரி 20,000 போக 7,00,000. அதில் முப்பது சதம் 2,10,000 போக 4,90,000. பாங்கு வட்டி 1,50,000 என்றால் மீதி 3,40,000 ரூபாய். வரிக் கணக்குக்கு அவருடைய வாடகை வருமானம் இவ்வளவுதான். 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறையில் முதல் 4 லட்சம் ரூபாய்க்கு வரியே இல்லை. ஆகவே வரி பூஜ்யம். பிடித்த 72,000 ரூபாயும் அவருக்குத் திரும்பி வர வேண்டிய பணம்.

தென்னை வருமானம் எங்கே நுழைகிறது?

விவசாய வருமானத்துக்கு மத்திய அரசு வரி போட முடியாது. அரசியல் சட்டம் அந்த அதிகாரத்தை மாநிலங்களிடம் கொடுத்திருக்கிறது. ஆனால் வேறு வருமானமும் உள்ள விவசாயிக்கு, அந்த வேறு வருமானத்தின் வரி விகிதத்தை நிர்ணயிக்க விவசாய வருமானத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். கே.என். ராஜ் தலைமையிலான குழு 1972-இல் கொடுத்த அறிக்கையை ஒட்டி, 1973-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் வந்த ஏற்பாடு இது.

விவசாய நிகர வருமானம் 5,000 ரூபாய்க்கு மேலும், மற்ற வருமானம் வரிவிலக்கு வரம்புக்கு மேலும் இருந்தால் மட்டுமே இது பொருந்தும். முதலில் இரண்டையும் கூட்டி வரி போடுவார்கள். பிறகு விவசாய வருமானத்தோடு வரிவிலக்கு வரம்பைக் கூட்டி, அதற்கு ஒரு வரி போடுவார்கள். முதலாவதில் இரண்டாவதைக் கழித்தால் வருவதுதான் வரி.

இங்கேதான் பழைய முறை, புதிய முறை என்ற வித்தியாசம் முக்கியமாகிறது. கிடங்குக்காரர் கடனை அடைத்துவிட்டார், வட்டி இல்லை, வாடகை வருமானம் 4,90,000, தென்னையில் நிகரமாக 3,00,000 ரூபாய், வயது அறுபதுக்குள் என்று வைத்துக்கொள்வோம்.

பழைய முறையில் விலக்கு வரம்பு 2,50,000. மொத்தம் 7,90,000-க்கு வரி 70,500 ரூபாய். தென்னை வருமானமும் விலக்கு வரம்பும் சேர்ந்த 5,50,000-க்கு வரி 22,500. வித்தியாசம் 48,000. இதில் 12,500 ரூபாய் தள்ளுபடி போக 35,500. நூற்றுக்கு நாலு செஸ் சேர்த்தால் 36,920 ரூபாய்.

புதிய முறையில் 7,90,000-க்கு வரி 19,500. தென்னையும் 4,00,000 விலக்கும் சேர்ந்த 7,00,000-க்கு 15,000. வித்தியாசம் 4,500. 12 லட்சம் ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியில் அதுவும் போய்விடுகிறது. கட்ட வேண்டியது ஒன்றும் இல்லை.

ஒரே தோப்பு, ஒரே கிடங்கு. எந்த முறையில் கணக்குக் கொடுத்தார் என்பதில் 36,920 ரூபாய் வித்தியாசம். இப்போது தானாகப் பொருந்துவது புதிய முறைதான். "போன வருஷம் மாதிரியே எழுதிடுங்க" என்று சொல்லிப் பழைய முறையிலே தொடர்கிறவர்கள் ஒரு தரம் இரண்டு விதத்திலும் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். பெரிய வட்டியால் வாடகைக் கணக்கில் நஷ்டம் வருகிறவர்களுக்கு மட்டும் பழைய முறையில் ஒரு சலுகை உண்டு. ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை அந்த நஷ்டத்தைச் சம்பளம் முதலான மற்ற வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் அப்படிக் கழிக்க முடியாது. வேறு வருமானம் இல்லாத விவசாயிக்கு இந்தச் சலுகையால் பிரயோஜனம் இல்லை.

யார் பெயரில் கட்டுவது?

அஸ்திவாரம் தோண்டுமுன் தீர்மானிக்க வேண்டிய விஷயம் இது. பிறகு மாற்றுவது கடினம், செலவும் அதிகம்.

குடும்பங்களில் சாதாரணமாக நடப்பது இதுதான். நிலமும் கட்டடமும் அப்பா பெயரில் இருக்கும். அவருக்கு வயதாகிவிட்டதால் பாங்கில் மகன் பெயரில் கடன் வாங்குவார்கள். மகனே வட்டியும் கட்டுவார். வரிக் கணக்கு என்று வரும்போது வாடகை அப்பாவுக்கு, வட்டி மகனுக்கு. மகன் சொந்தக்காரர் அல்ல, ஆகவே அவர் வட்டியைக் கழிக்க முடியாது. அப்பா கடன் வாங்கவில்லை, ஆகவே அவரும் கழிக்க முடியாது. ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் வட்டிக் கழிவு இருவருக்கும் இல்லாமல் போகும். சொத்து யாருடையதோ அவர் கடனிலும் பெயர் சேர்ந்திருக்க வேண்டும். தவணையும் அவர் கணக்கிலிருந்து போக வேண்டும்.

விவசாய நகைக் கடனில் கட்டடம் கட்டுவது இன்னொரு தவறு. வட்டி குறைவு என்பதற்காகப் பயிருக்கென்று எழுதிக் கொடுத்து வாங்கிய பணத்தைக் கடைக்குப் போட்டுவிட்டு, வரிக் கணக்கில் கட்டட வட்டி என்று காட்டினால் பாங்கிலும் பதில் சொல்ல வேண்டும், வரி இலாகாவிலும் பதில் சொல்ல வேண்டும். உறவினரிடம் வாங்கிய கைக்கடனுக்குக்கூட வட்டிக் கழிவு உண்டு. ஆனால் பணம் பாங்கு வழியாக வந்திருக்க வேண்டும், வட்டி பெற்றதற்கு அவர் எழுதிக் கொடுக்க வேண்டும். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடனை ரொக்கமாக வாங்கவே கூடாது. வாடகைக்காரர் தரும் முன்பணத்தையும் இதே போல் பாங்கு வழியாக வாங்குவது நல்லது. திருப்பித் தர வேண்டிய முன்பணம் வருமானம் ஆகாது.

அண்ணன் தம்பிகள் சேர்ந்து கட்டினால் பத்திரத்தில் ஆளுக்கு எத்தனை பாகம் என்பதைத் தெளிவாக எழுத வேண்டும். பாகம் நிச்சயமாக இருந்தால் வாடகையைப் பிரித்து அவரவர் கணக்கில் தனித்தனியே எடுத்துக்கொள்வார்கள்; விலக்கு வரம்பும் தனித்தனி. 60,000 ரூபாய் வாடகையை இரண்டு சகோதரர்கள் சம பாகமாகப் பெற்றால் ஒருவருக்கு 30,000தான். அப்போது டி.டி.எஸ். பிடிக்கவே வேண்டியதில்லை. இதற்கு ஒப்பந்தத்தில் இருவர் பெயரும் பாகமும் வேண்டும். பணமும் இருவர் கணக்குக்கும் தனித்தனியே வர வேண்டும்.

மனைவி பெயரில் எழுதினால் வரி பிரிந்துவிடும் என்று நம்பிப் பத்திரச் செலவு செய்கிறவர்கள் யோசிக்க வேண்டும். கணவர் தம் சொத்தை மனைவிக்குச் சும்மா எழுதிவைத்தால், சொத்து மனைவியுடையதானாலும் வாடகையைக் கணவர் கணக்கிலேயே சேர்ப்பார்கள். மைனர் குழந்தைக்கு எழுதினாலும் அப்படியே. மனைவிக்குப் பிறந்த வீட்டில் கிடைத்த நிலமும் நகையும் வேறு. அந்த நகையை விற்று அவர் பெயரில் கட்டினால் வாடகை அவருடையதே. நகை விற்ற ரசீதைப் பத்திரமாக வைக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பிய மகனுக்கோ மகளுக்கோ எழுதிவைத்தால் வருமானம் அவர்களைச் சேரும்; சொத்தும் அவர்களைச் சேர்ந்துவிடும் என்பதை நினைவில் கொண்டே எழுத வேண்டும். பாகம் பிரியாத பூர்வீகச் சொத்தானால் கூட்டுக் குடும்பத்துக்கே தனிப் பான் எண் வாங்கிக் கணக்குக் கொடுக்க வழி உண்டு. தமிழ்நாட்டில் 1989-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பெண் மக்களுக்கும் இதில் பங்கு உண்டு என்பதால், விவரம் தெரிந்தவரைக் கலந்து செய்வதே உத்தமம்.

ஜி.எஸ்.டி. பற்றிக் கொஞ்சம். ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கட்டடக்காரர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு பெற்ற கம்பெனி அப்படிப்பட்டவரிடம் கடையையோ கிடங்கையோ எடுத்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வரியைக் கம்பெனியே அரசுக்குக் கட்ட வேண்டும். அதை வாடகையில் கழிக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்வது நல்லது.

தாக்கல் செய்யும்போது

வரி இல்லை என்றால் கணக்குத் தாக்கலும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கடனை அடைத்த கிடங்குக்காரரின் வருமானம் 4,90,000. இது 4 லட்சத்தைத் தாண்டுவதால், வரி பூஜ்யமானாலும் அவர் தாக்கல் செய்தே ஆக வேண்டும். படிவத்திலும் ஒரு கவனம் தேவை. விவசாய வருமானம் 5,000 ரூபாய்க்கு மேல் உள்ளவருக்கு ஐ.டி.ஆர். 1 படிவம் செல்லாது. வியாபாரம் எதுவும் இல்லாதவர் ஐ.டி.ஆர். 2-இல் கொடுக்க வேண்டும். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் எந்த மாவட்டம், எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்பதையும் அதில் எழுத வேண்டும்.

இந்த எழுத்துக்கு ஆதாரமாகச் சிட்டா, அடங்கல், ஒழுங்குமுறை விற்பனைக்கூட ரசீது, வியாபாரி கொடுத்த எடைச் சீட்டு, உரக்கடைப் பில் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம், வீட்டு வரி ரசீது, வட்டிச் சான்று ஆகியவற்றுக்கு இன்னொரு கோப்பு. கம்பெனி பிடித்த வரி உண்மையிலே அரசுக்குப் போய்ச் சேர்ந்ததா என்பதை 26 ஏ.எஸ். என்ற பட்டியலில் பார்க்கலாம். சில சமயம் பான் எண்ணில் ஓர் எழுத்துத் தவறினால் பணம் வேறொருவர் கணக்கில் நிற்கும். வருஷத்துக்கு ஒரு தரமாவது இதைப் பார்த்துக் கம்பெனியிடம் திருத்தச் சொல்ல வேண்டும்.

1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்தில் 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டுச் சட்டம் என்று ஆகியிருக்கிறது. அதில் பிரிவு எண்கள் வேறு. வீட்டு வரி, முப்பது சதம், வட்டி என்ற வாடகைக் கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

முந்திய வருஷங்களில் பிடித்த வரியைக் கேட்காமல் விட்டவர்களுக்கும் ஒரு வழி உண்டு. காலம் கடந்த தாக்கலை ஏற்றுக்கொள்ளும்படி வருமான வரி மேலதிகாரிக்குக் காரணம் காட்டி மனுச் செய்யலாம். அந்த மதிப்பீட்டு ஆண்டு முடிந்து ஐந்து ஆண்டுகளுக்குள் மனுப் போய்ச் சேர வேண்டும். உடல் நலக் குறைவு, குடும்பத்தில் சாவு போன்ற நியாயமான காரணமும் அதற்குரிய சான்றும் இருந்தால் மனுவுக்குப் பலம் உண்டு. ஒப்பந்தம், வட்டிச் சான்று, 26 ஏ.எஸ். பட்டியல் ஆகியவற்றின் நகல்களோடு, பணம் வந்து சேர வேண்டிய பாங்குக் கணக்கின் எண்ணையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.